கம்பியில்லா அச்சுப்பொறியும் கம்பி வலையமைப்பும்

எங்கள் உயர்நிலைப் பள்ளிக்கு முன்னாள் மாணவர் ஒருவர் சென்ற கல்வியாண்டில் ஓர் அச்சுப்பொறி வாங்கித் தந்தார். மைத்தொட்டி உள்ளது, அச்சிடும், நகலெடுக்கும், ஸ்கேன் செய்யும். நல்ல கருவிதான். ஆனால் வீட்டுப் பயன்பாட்டுக்கென்று செய்யப்பட்ட மாதிரி. பின்புறம் திருப்பிப் பார்த்தால் மின்கம்பிக்கு ஓர் இடம், யூஎஸ்பி கம்பிக்கு ஓர் இடம், அவ்வளவுதான். நெட்வொர்க் கம்பி செருகும் துளை கிடையாது. அட்டைப்பெட்டியின் மீது மட்டும் வைஃபை குறி பெரிதாக இருந்தது.

பள்ளியின் கணினிகளோ நேர்மாறு. தலைமையாசிரியர் அறையில் ஒன்று, அலுவலகத்தில் ஒன்று, ஆசிரியர் அறையில் இரண்டு. நான்கும் பழைய மேசைக் கணினிகள். எதிலும் வைஃபை இல்லை. இணையம் கொண்டுவரும் பெட்டியிலிருந்து ஒரு கம்பி எட்டுத் துளை ஸ்விட்சுக்கு வருகிறது. அங்கிருந்து நான்கு கணினிகளுக்கும் கம்பி போகிறது. ஆகவே அச்சுப்பொறியைத் தலைமையாசிரியரின் கணினியோடு யூஎஸ்பி கம்பியால் இணைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிட்டோம்.

முடியவில்லை. எட்டாம் வகுப்பில் பார்வைக் குறைபாடுள்ள மாணவி ஒருத்தி படிக்கிறாள். பாடநூலின் எழுத்து அவளுக்குப் போதாது; 24 புள்ளி அளவில் அச்சிட்டுக் கொடுத்தால் தானே படித்துவிடுவாள். தமிழாசிரியை நாள்தோறும் ஆசிரியர் அறையில் தட்டச்சு செய்து, பென் டிரைவில் ஏற்றி, தலைமையாசிரியர் அறைக்குப் போவார். அங்கே பெற்றோர் யாராவது பேசிக்கொண்டிருந்தால் வாசலில் நிற்பார். அதற்குள் மணி அடித்துவிடும். சில நாள் அந்தத் தாள் அன்றைய பாடம் முடிந்த பிறகுதான் அவள் கைக்குப் போனது.

இன்னொன்றும் நடந்தது. அலகுத் தேர்வு வினாத்தாள் இருந்த என் பென் டிரைவை நானே அந்தக் கணினியில் செருகியபடி மறந்து வந்துவிட்டேன். எடுத்து வைத்தவர் அலுவலக உதவியாளர் என்பதால் தப்பித்தேன். மறுநாள் தமிழாசிரியை கேட்டார்: "சார், வைஃபைன்னு பெட்டியிலேயே போட்டிருக்கு. கம்பி இல்லாமலே வரும்னா நான் ஏன் இன்னும் பென் டிரைவைத் தூக்கிட்டு அலையறேன்?"

நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடிய கதைதான் இக்கட்டுரை. வழியில் நான் செய்த தவறுகளையும் மறைக்காமல் எழுதுகிறேன். நான் அதிகம் கற்றது அவற்றிலிருந்துதான்.

கம்பியும் காற்றும்

கம்பி வலையமைப்பு வேறு, வைஃபை வேறு, இரண்டுக்கும் ஒட்டாது என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில் இரண்டும் நெருங்கிய உறவினர். கம்பியில் ஓடும் ஈதர்நெட்டும் காற்றில் செல்லும் வைஃபையும் கருவிகளை அடையாளம் காண ஒரே வகை 48 பிட் மேக் முகவரியைத்தான் பயன்படுத்துகின்றன. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெட்டியை வைத்தால் போதும். கம்பியில் வந்ததைக் காற்றுக்கும், காற்றில் வந்ததைக் கம்பிக்கும் அது மாற்றிக் கொடுத்துவிடும். அந்தப் பெட்டிக்கு ஆக்சஸ் பாயின்ட் என்று பெயர். தமிழில் அணுகுமுனை எனலாம்.

இந்த உறவின் வரலாறும் வகுப்பில் சொல்லத் தகுந்தது. 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சன் குழுவினர் தீவுகளில் இருந்த கணினி முனையங்களை வானொலி அலைகளால் இணைத்தார்கள். அலோஹாநெட் என்று அதற்குப் பெயர். அதைப் படித்துத் தூண்டுதல் பெற்ற ராபர்ட் மெட்கால்ஃப், 1973இல் கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் ஈதர்நெட்டுக்கான குறிப்பை எழுதினார். டேவிட் பாக்ஸ் அவரோடு சேர்ந்து அதை உருவாக்கினார். அங்கே எதற்காக அது தேவைப்பட்டது தெரியுமா? ஆல்ட்டோ என்ற கணினிகளை ஒன்றோடொன்றும், அங்கேயே உருவான லேசர் அச்சுப்பொறியோடும் இணைப்பதற்காக! கம்பி வலையமைப்பு பிறந்ததே கம்பியில்லா வலையமைப்பைப் பார்த்துத்தான். அதிலும் ஓர் அச்சுப்பொறியைப் பலர் பகிர்ந்துகொள்ளத்தான். நம் பள்ளியின் சிக்கல் அரை நூற்றாண்டுப் பழையது.

முதலில் பார்க்க வேண்டியது

கடைக்கு ஓடுவதற்கு முன் இணையம் கொண்டுவரும் பெட்டியின் முதுகைப் பாருங்கள். கண்ணாடி இழை இணைப்புக்குத் தரப்படும் பெட்டிகள் பலவற்றில் வைஃபை சேர்ந்தே வருகிறது. அதன் பெயரும் கடவுச்சொல்லும் அடியில் ஒட்டிய சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். அப்படி இருந்தால் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். அந்தப் பெட்டியின் கம்பித் துளைகளும் வைஃபையும் பெரும்பாலும் ஒரே வலையமைப்பைச் சேர்ந்தவை. அச்சுப்பொறியை அந்த வைஃபையில் சேர்த்துவிட்டால் கம்பிக் கணினிகளிலிருந்து நேரே அச்சிடலாம்.

ஒரு கவனம்: விருந்தினர் வைஃபை என்று தனிப் பெயரில் இன்னொன்று இருந்தால் அதில் சேர்க்காதீர்கள். விருந்தினருக்கு இணையம் மட்டும் கொடுத்து, உள்ளே இருக்கும் கருவிகளை மறைப்பதற்காகவே அது அமைக்கப்படுகிறது.

எங்கள் பெட்டியில் வைஃபை இல்லை. யூஎஸ்பி வழியிலேயே தலைமையாசிரியரின் கணினியை ஊடகமாக்கி, விண்டோஸின் பகிர்வு வசதியால் மற்றவர்களும் அச்சிடலாம்தான். செலவில்லாத வழி. ஆனால் அவர் கூட்டத்துக்குப் போகும்போது கணினியை அணைத்துவிட்டால் மற்ற மூவருக்கும் அச்சு இல்லை. கணினி எப்போதும் இயங்கும் அலுவலகமாக இருந்தால் இவ்வழி போதும், எங்களுக்குப் போதவில்லை. அச்சுப்பொறியே உருவாக்கும் வைஃபை டைரக்ட் என்ற வசதியும் உண்டு. கைபேசியிலிருந்து இரண்டு பக்கம் அச்சிட அது சரி; வைஃபையே இல்லாத மேசைக் கணினிக்கு அதனால் பயனில்லை.

மீதி இருந்தது அணுகுமுனை வழி. என் வீட்டில் பரணில் கிடந்த பழைய ரூட்டர் ஒன்றை எடுத்து வந்தேன்.

நான் செய்த தவறு

ரூட்டரின் பின்புறம் ஐந்து துளைகள். நான்கு ஒரே நிறம். ஒன்று மட்டும் வேறு நிறம், வான் என்று எழுதியிருந்தது. வெளியிலிருந்து வரும் கம்பி அதற்குத்தான் என்று வீட்டில் பழகிய கையால், ஸ்விட்சிலிருந்து வந்த கம்பியை அதில் செருகினேன். வைஃபைக்குப் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தேன். அச்சுப்பொறி சேர்ந்துகொண்டது. என் மடிக்கணினியை அதே வைஃபையில் இணைத்து ஒரு பக்கம் அனுப்பினேன். அச்சானது! கைதட்டாத குறை. பிறகு ஆசிரியர் அறைக் கணினியிலிருந்து அனுப்பினோம். ஒன்றும் வரவில்லை. அச்சுப்பொறி என்று ஒன்று இருப்பதாகவே அந்தக் கணினிக்குத் தெரியவில்லை.

அரை மணி நேரம் மென்பொருளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகுதான் முகவரிகளை எழுதிப் பார்க்கத் தோன்றியது. ஆசிரியர் அறைக் கணினியின் ஐபி முகவரி 192.168.1.12. அச்சுப்பொறியின் முகவரி 192.168.0.102. மூன்றாம் எண்ணைப் பாருங்கள். ஒன்று, சுழியம். இரண்டும் வேறு வேறு தெரு. ரூட்டர் தனக்கென்று ஒரு தனி வலையமைப்பை உருவாக்கி, அச்சுப்பொறியை அதற்குள் வைத்துப் பூட்டிவிட்டது.

இதை மாணவர் விடுதியை வைத்து விளக்கினால் உடனே புரிகிறது. விடுதி மாணவர் வெளியே கடிதம் எழுதினால் விடுதியின் முகவரியில்தான் போகும். பதில் வந்தால், யார் எழுதிய கடிதத்துக்கு வந்த பதில் என்று காப்பாளர் தம் குறிப்பேட்டில் பார்த்து உரியவரிடம் கொடுப்பார். ஆனால் யாரும் எழுதாத நிலையில் வெளியிலிருந்து தாமாக ஒரு கடிதம் வந்தால், அது எந்த அறைக்கு என்று காப்பாளருக்குத் தெரியாது, திருப்பி அனுப்பிவிடுவார். வான் துளை வழியாக இணைக்கப்பட்ட ரூட்டர் அந்தக் காப்பாளர். உள்ளே இருந்த என் மடிக்கணினியால் உள்ளே இருந்த அச்சுப்பொறிக்கு அனுப்ப முடிந்தது. வெளியே இருந்த கம்பிக் கணினிகளால் முடியவில்லை. வீட்டில் இந்தக் காவல் நமக்கு நல்லது, இங்கே இடைஞ்சல்.

சரியான முறை

காப்பாளர் வேலையிலிருந்து ரூட்டரை விடுவித்து, வெறும் அணுகுமுனையாக மாற்ற வேண்டும். சில ரூட்டர்களில் அணுகுமுனை முறை என்றே ஒரு தேர்வு இருக்கும். அதைத் தேர்ந்தால் எல்லாம் தானே அமையும். இல்லாவிட்டால் கையால் செய்ய வேண்டும். வரிசை முக்கியம்: அமைப்புகளை முடிக்கும் வரை ரூட்டரைப் பள்ளி ஸ்விட்சில் செருகக் கூடாது.

மடிக்கணினியை ஒரு கம்பியால் ரூட்டரின் நான்கு சம நிறத் துளைகளுள் ஒன்றில் இணைத்து, உலாவியில் ரூட்டரின் முகவரியைக் கொடுத்து உள்ளே சென்றேன். முதலில் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றினேன். பின் வைஃபையின் பெயர், டபிள்யூபிஏ2 பாதுகாப்பு, நீளமான கடவுச்சொல் ஆகியவற்றை அமைத்தேன். அடுத்து, ரூட்டரின் சொந்த முகவரியைப் பள்ளி வலையமைப்பின் தெருவுக்கு மாற்றினேன். எங்கள் இணையப் பெட்டி 192.168.1.1. அது மற்றக் கருவிகளுக்கு 192.168.1.10 முதல் 192.168.1.200 வரை வழங்கும்படி அமைந்திருந்தது. ஆகவே யாருக்கும் போகாத 192.168.1.250 என்ற எண்ணை ரூட்டருக்குக் கொடுத்தேன். சேமித்தவுடன் பழைய முகவரியில் பக்கம் திறக்காது, பயந்துவிட வேண்டாம். கம்பியைக் கழற்றிச் செருகி, புதிய முகவரியில் திறக்க வேண்டும்.

கடைசியாக டிஹெச்சிபி என்ற வசதியை நிறுத்தினேன். கருவிகளுக்கு முகவரி வழங்கும் வேலை இது. அதை ஏன் நிறுத்த வேண்டும்? ஒரு வகுப்பில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று வகுப்பாசிரியர் ஒருவர் எண் கொடுக்கிறார். அதே வகுப்பில் இன்னொரு ஆசிரியரும் தனியே எண் கொடுக்கத் தொடங்கினால்? ஒரே இருக்கைக்கு இருவர் வருவார்கள். சிலர் தவறான வாசலைத் தேடிப் போவார்கள். இணையப் பெட்டியும் ரூட்டரும் சேர்ந்து முகவரி வழங்கினால் வலையமைப்பில் இதுதான் நடக்கும். சிக்கல் உடனே தெரியாது என்பதுதான் கொடுமை. இன்று இரண்டு கணினி, நாளை வேறொரு கணினி என்று இணையம் விட்டுவிட்டுப் போகும். காரணம் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆகும்.

இவையெல்லாம் முடிந்த பிறகு ஸ்விட்சிலிருந்து வந்த கம்பியை ரூட்டரின் சம நிறத் துளைகளுள் ஒன்றில் செருகினேன். வான் துளையில் காகிதத்தை மடித்து அடைத்து ஒட்டிவிட்டேன். பின்னால் யாராவது கழற்றித் துடைத்து மாட்டும்போது பழைய தவறு திரும்பக் கூடாது அல்லவா?

ஓர் எச்சரிக்கை. உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தின் வலையமைப்பில் பொறுப்பாளரின் ஒப்புதல் இல்லாமல் இந்தப் பரிசோதனையைச் செய்யாதீர்கள். இணையவழித் தேர்வு நடக்கும் நாளில் இரண்டாவது டிஹெச்சிபி ஒன்று உள்ளே புகுந்தால் என்ன ஆகும் என்பதை நினைத்துப் பார்க்கவே வேண்டாம். நான் சொல்வது அலுவலக, ஆசிரியர் அறைக் கணினிகளுக்கு மட்டும்.

அச்சுப்பொறியைச் சேர்த்தல்

திரை உள்ள அச்சுப்பொறியில் வைஃபை பெயரைத் தேர்ந்து கடவுச்சொல் கொடுத்தால் முடிந்தது. எங்களுடையதில் பொத்தான்கள் மட்டுமே. அவற்றுக்கு இரண்டு வழி உண்டு. ரூட்டரில் டபிள்யூபிஎஸ் பொத்தான் இருந்தால் அதை அழுத்தி, இரண்டு நிமிடத்துக்குள் அச்சுப்பொறியின் வைஃபை பொத்தானை அழுத்திப் பிடிக்கலாம். எவ்வளவு நேரம் என்பது மாதிரிக்கு மாதிரி வேறுபடும், கையேட்டைப் பாருங்கள். அல்லது தயாரிப்பாளரின் செயலியைக் கைபேசியில் நிறுவி, அதன் வழியே சேர்க்கலாம். டபிள்யூபிஎஸ்ஸின் எண் முறையில் பாதுகாப்புக் குறை இருப்பது 2011இல் வெளியானது. சேர்த்து முடித்ததும் அந்த வசதியை நிறுத்திவிடுவது நல்லது.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் அலைவரிசை. வீட்டு அச்சுப்பொறிகள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். புதிய ரூட்டர்கள் 5 கிகாஹெர்ட்ஸிலும் ஒலிபரப்பும். பட்டியலில் வைஃபை பெயர் தெரியவே இல்லை என்றால், 2.4 நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். என் ரூட்டர் பழையது, அதற்கு 2.4 தவிர வேறு தெரியாது. பழமைக்கும் ஒரு பயன்.

சேர்ந்ததும் அச்சுப்பொறியிலிருந்தே வலையமைப்பு நிலைத்தாளை அச்சிட்டுப் பாருங்கள். முகவரி 192.168.1 என்று தொடங்கினால் சரியான தெருவில் இருக்கிறது. 169.254 என்று தொடங்கினால், யாரும் முகவரி தராததால் தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். கம்பி சரியாகச் செருகப்படவில்லை என்று சந்தேகிக்கலாம்.

அந்த முகவரியை நிலையாக்க வேண்டும். நாங்கள் முதல் வாரம் இதைச் செய்யவில்லை. திங்கட்கிழமை அச்சுப்பொறி வேறு எண்ணுடன் விழித்தது. கணினிகள் பழைய எண்ணுக்கே அனுப்பிக்கொண்டிருந்தன. இணையப் பெட்டியின் அமைப்பில் முகவரி ஒதுக்கீடு என்ற பகுதியில், அச்சுப்பொறியின் மேக் முகவரிக்கு 192.168.1.50 என்று பதிந்த பிறகு அந்தத் தொல்லை இல்லை.

விண்டோஸ் கணினியில் பிரிண்டரைச் சேர்க்கும்போது, தானாகத் தேடிக் காட்டும் பட்டியலை நம்பாமல், ஐபி முகவரி மூலம் சேர்க்கும் வழியைத் தேர்ந்து 192.168.1.50 என்று கொடுத்தோம். பாஸ் உள்ளிட்ட லினக்ஸ் கணினிகளில் கப்ஸ் என்ற மென்பொருள் இதே வேலையைச் செய்யும். அச்சு வரவில்லையா? கட்டளைச் சாளரத்தில் பிங் கட்டளையை அந்த முகவரியோடு கொடுத்துப் பாருங்கள். பதில் வந்தால் வழி திறந்திருக்கிறது, குறை இயக்கி மென்பொருளில். பதில் வராவிட்டால் கம்பி, வைஃபை, முகவரி என்று வரிசையாகத் தேட வேண்டும். இந்த ஒரு சோதனை எனக்கு முன்பே தோன்றியிருந்தால் அந்த அரை மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

வினாத்தாளும் கடவுச்சொல்லும்

பென் டிரைவ் ஆபத்து போனது. அதன் இடத்தில் வேறு ஆபத்து வந்தது. இப்போது வினாத்தாளை ஆசிரியர் அறையிலிருந்து அனுப்பினால் அது வேறோர் அறையில் வெளியே வந்து விழுகிறது. எடுக்க நாம் போவதற்குள் யாரும் பார்க்கலாம். தாள் தீர்ந்திருந்தால் வரிசையில் காத்திருந்து, மறுநாள் யாரோ தாள் வைத்தவுடன் முதலில் வெளிவருவது நம் வினாத்தாளாக இருக்கும்! ஆகவே ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். வினாத்தாள் அச்சிடும்போது ஒருவர் அச்சுப்பொறி அருகில் நிற்க வேண்டும். முடிந்ததும் அனுப்பிய கணினியில் வரிசை காலியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வைஃபை கடவுச்சொல் நான்கு பேருக்கு மட்டும் தெரியும். அச்சுப்பொறிக்கும் உலாவியில் திறக்கும் அமைப்புப் பக்கம் உண்டு. அதற்குத் தொழிற்சாலை வைத்த கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டோம்.

ஒரு பாடவேளைச் செயல்பாடு

இந்த அனுபவத்தை ஒன்பதாம் வகுப்பில் ஒரு பாடவேளைக்கு விளையாட்டாக்கினேன். மேல்நிலைப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் வலையமைப்பு நடத்துவோருக்கும் உதவும்.

நான்கு மாணவர்கள் கணினிகள். ஒருவர் ஸ்விட்ச், ஒருவர் அணுகுமுனை, ஒருவர் இணையப் பெட்டி, ஒருவர் அச்சுப்பொறி. கணினிகளிலிருந்து ஸ்விட்ச் வரை சணல் கயிறு; ஸ்விட்சிலிருந்து அணுகுமுனைக்கும் இணையப் பெட்டிக்கும் கயிறு. அணுகுமுனைக்கும் அச்சுப்பொறிக்கும் இடையே கயிறு கிடையாது. தாளை உயர்த்திக் காட்டிக் குரல் கொடுக்க வேண்டும். இணையப் பெட்டி எல்லோருக்கும் எண் அட்டை கொடுக்கும். இனி ஒரு கணினி, பெறுநர் எண்ணையும் அனுப்புநர் எண்ணையும் சீட்டில் எழுதி, கயிற்றின் வழியே அனுப்பும். ஸ்விட்ச் படித்துப் பார்த்து உரிய கயிற்றில் விடும். அச்சுப்பொறி சீட்டில் உள்ளதைக் கரும்பலகையில் எழுதும்.

ஒழுங்காக நடந்த பிறகு அணுகுமுனை மாணவரின் காதில், "நீயும் எண் அட்டை கொடு" என்று சொல்லுங்கள். இரண்டு 12 வந்ததும் வகுப்பு சிரிப்பில் மூழ்கும். ஏன் சீட்டு தவறிப் போனது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். அடுத்த சுற்றில் அணுகுமுனையைக் காப்பாளராக்கி, உள்ளிருந்து வந்த சீட்டுக்குரிய பதிலைத் தவிர வேறெதையும் உள்ளே விடாதே என்று சொல்லுங்கள். நான் அரை மணி நேரம் திணறியதற்கு என் மாணவர்கள் நான்கு நிமிடத்தில் விடை சொன்னார்கள்.

அந்தச் சுற்றில் அச்சுப்பொறி மாணவி ஒரு கேள்வி கேட்டாள்: "மின்சாரம் போய் வந்தா என்ன ஆகும் சார்?" ரூட்டர் முழுதாக விழித்துக்கொள்ள ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் அச்சுப்பொறி வைஃபையைத் தேடிப் பார்த்துக் கிடைக்காமல் சோர்ந்துவிடும். எங்கள் ஊரில் மின்தடைக்குப் பின் நாங்கள் அடிக்கடி கண்டது அதுதான். இப்போது இணையப் பெட்டி, ஸ்விட்ச், ரூட்டர் மூன்றையும் அலுவலக யூபிஎஸ்ஸில் மாட்டியிருக்கிறோம். அப்படியும் அச்சுப்பொறி சேராவிட்டால் அதை மட்டும் ஒருமுறை அணைத்துப் போட வேண்டும் என்று எழுதி, முகவரி எண்களுடன் அதன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறோம். தமிழாசிரியை தம் அறையிலிருந்தே அச்சிடுகிறார். அந்த மாணவியே முதல் மணிக்கு முன் வந்து தன் தாளை எடுத்துக்கொண்டு போகிறாள்.